ஒரு பிக்சல் இடைவெளி



இன்று மாலை நான் பேச வந்திருப்பது ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி. திரையில் ஒரு செவ்வகம். அதற்குள் மின்னி மின்னி நிற்கும் ஒரு கோடு. பெயரைத் தட்டினால் பெயர் அங்கே தோன்றும். தப்பாகத் தட்டிவிட்டால் ஒரு விசையை அழுத்துவோம், கடைசி எழுத்து மறையும். ரயில் டிக்கெட் எடுக்கும்போதும் வங்கிக் கணக்குக்குள் நுழையும்போதும் இந்தப் பெட்டியில்தான் எழுதுகிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல எழுத்து வருகிறது. இதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார் என்ற நினைப்பு நமக்கு வருவதில்லை.

அந்த நினைப்பு எனக்கு வந்தது, அப்படியொரு பெட்டியே இல்லாத இயந்திரத்தில் அதை நானே கட்ட வேண்டி வந்தபோதுதான். இதோ என் கையில் இருக்கிறதே, இதுதான் அந்த இயந்திரம். டிஐ-83 பிளஸ் என்னும் வரைபடக் கால்குலேட்டர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த என் அத்தை மகள், இனி தனக்கு வேண்டாம் என்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நம் பள்ளிகளில் இதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கூட்டல் கழித்தலோடு நிற்காமல், ஒரு சார்பைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும் கருவி இது. இந்த வகையில் முதலாவது 1985-இல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1990-இல் டிஐ-81 மூலம் இதில் இறங்கியது. நான் வைத்திருக்கும் இந்த மாடல் வெளியானது 1999-இல்.

இதன் திரை 96 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரம். கறுப்பு, வெளுப்பு இரண்டே நிலைகள். உள்ளே இருப்பது 1976-இல் பிறந்த இசட்80 என்னும் சில்லு, 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. நிரலுக்கும் தரவுக்குமாக நமக்குக் கிடைக்கும் ரேம் சுமார் 24 கிலோபைட். இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல நூறு கால்குலேட்டர்களின் நினைவகத்தை நிரப்பிவிடும். இவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு பெட்டி கட்டினேன். அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: எழுத்தை வாங்குவது சுலபம், வாங்கிய எழுத்தை அழிக்க விடுவதுதான் கடினம். இந்த மாலை முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போவது அந்த அழிப்பைத்தான்.

நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு சொல் விளையாட்டு, அத்தை மகளின் தம்பிக்காக. வரைபடத் திரையில் கட்டங்கள் வரைந்து, சிறு உருவங்கள் வைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து அழகாகச் செய்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் பெயரைக் கேட்க வேண்டும். இந்தக் கால்குலேட்டரின் பேசிக் மொழியில் அதற்கென்றே இன்புட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. போட்டேன். என் கட்டங்கள் எல்லாம் போய்விட்டன. கணக்குப் போடும் சாதாரணத் திரை எழுந்து வந்து, ஒரு கேள்விக்குறியை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

காரணம் இதுதான். இந்தக் கருவிக்குத் திரைகள் இரண்டு. ஒன்று எழுத்துத் திரை, வரிக்கு 16 எழுத்தாக 8 வரிகள் கொண்டது. இன்னொன்று வரைபடத் திரை, அங்கே பிக்சல் பிக்சலாக வரையலாம். இன்புட் கட்டளைக்கு எழுத்து வாங்கத் தெரிவது முதல் திரையில் மட்டும். வரைபடத் திரையில் அதைத் தனியாகப் போட்டால் ஒரு குறுக்குக் கோட்டுக் குறி தோன்றும், அதை நகர்த்தி ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம், எழுத்துக்கு அங்கே வழியில்லை. படமும் வேண்டும், பெயரும் வேண்டும் என்பவர் தன் பெட்டியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டுமுன் விசைப்பலகையைப் பாருங்கள், பின்னால் இருப்பவர்களுக்காகத் தூக்கிப் பிடிக்கிறேன். மொத்தம் 50 விசைகள். சைன், காஸ், டேன், லாக் என்பதெல்லாம் விசையின் மேல். ஆங்கில எழுத்துகள் விசைகளுக்கு மேலே பொடியாக அச்சாகியிருக்கின்றன. ஆல்ஃபா என்ற விசையை அழுத்திவிட்டு சைன் விசையைத் தட்டினால் ஈ என்னும் எழுத்து வரும், காஸ் விசையைத் தட்டினால் எஃப். தட்டச்சுப் பலகையின் வரிசை இங்கே கிடையாது, அகர வரிசைதான். தட்டச்சு பழகிய விரலுக்கு இது முழுக்க அந்நியம்.

ஏன் இப்படி வைத்தார்கள்? இடமில்லாததால் மட்டும் இல்லை. 1995-இல் அதே நிறுவனம் டிஐ-92 என்ற கருவியை வெளியிட்டது. அகலமானது, முழுத் தட்டச்சுப் பலகை உள்ளது. அதே 1995-இல்தான் அமெரிக்காவில் தேர்வுகள் நடத்தும் காலேஜ் போர்டு, தன் ஏபி நுண்கணிதத் தேர்வுக்கு வரைபடக் கால்குலேட்டர் கட்டாயம் என்றது. ஆனால் தட்டச்சுப் பலகை உள்ள கருவியைத் தேர்வறைக்குள் விட மறுத்தது. வினாத்தாளை அப்படியே தட்டிச் சேமித்து வெளியே கொண்டுபோய்விடலாம் என்ற அச்சம். ஆகவே 1998-இல் ஏறக்குறைய அதே திறமையைத் தட்டச்சுப் பலகை இல்லாத சிறிய உடலில் வைத்து டிஐ-89 வந்தது. கால்குலேட்டரில் எழுதுவது சிரமமாக இருப்பதற்கு ஒரு தேர்வு விதியும் காரணம் என்று சொல்வது மிகையாகாது. மாணவர்கள் பத்திருபது வருடமாகத் தட்டுத் தடுமாறி எழுதியதன் பின்னால் அந்த ஒரு வரி விதி நின்றிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். விசை அழுத்தப்பட்டதா என்று நிரல் கேட்பதற்குக் கெட்கீ என்ற கட்டளை உண்டு. எந்த விசையும் அழுத்தப்படவில்லை என்றால் அது 0 தரும். அழுத்தியிருந்தால் அந்த விசையின் எண்ணைத் தரும். எண் எப்படி அமைகிறது என்பதைக் கவனியுங்கள், அழகான ஏற்பாடு அது. மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பது முன்னால், இடமிருந்து எத்தனையாவது விசை என்பது கடைசி இலக்கம். நான்காவது வரிசையின் முதல் விசை 41. எட்டாவது வரிசையின் இரண்டாவது விசை 82. டெல் என்னும் அழிப்பு விசை 23, ஆல்ஃபா 31, கிளியர் 45, என்டர் 105. பத்தாவது வரிசையின் முதல் விசையான 101 மட்டும் ஒருபோதும் வராது. அது ஆன் விசை, அதன் கம்பியே தனி. அதை அழுத்தினால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது 82 என்ற எண்ணை டி என்ற எழுத்தாக மாற்ற வேண்டும், ஆங்கில அகர வரிசையின் இருபதாவது எழுத்து. புதிதாக எழுதுகிறவர்கள் இருபத்தாறு ‘இஃப்’ வரிகளை அடுக்குவார்கள். 41 என்றால் இது, 42 என்றால் அது என்று நீளும். நானும் முதலில் அடுக்கினேன். அடுக்கியதும் என் பெட்டி கடைசி எழுத்துகளுக்கு வர வர மெதுவானது, ஏனென்றால் அவற்றுக்கு முன்னால் இருந்த அத்தனை கேள்விகளையும் அது தாண்டி வர வேண்டியிருந்தது.

மாற்று வழி, விசைப்பலகையையே ஒரு சரமாக, அதாவது எழுத்துகளின் தொடராக, எழுதிவிடுவது. எழுத்துகள் தொடங்குவது நான்காவது வரிசையில். அந்த வரிசையில் ஏ, பி, சி மூன்றும் இருக்கின்றன, பிறகு எழுத்தில்லாத இரண்டு விசைகள். ஆகவே சரத்தில் ஏ, பி, சி, அடுத்து இரண்டு நட்சத்திரக் குறிகள். அதன்பின் ஐந்தைந்தாக எல்லா எழுத்துகளும். இந்தச் சரத்தில் ஒரு விசையின் எழுத்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? விசை எண்ணைப் பத்தால் வகுத்து முழு எண் பகுதியை எடுங்கள். அதை ஐந்தால் பெருக்கி விசை எண்ணிலிருந்து கழியுங்கள். மேலும் 20 கழியுங்கள். அவ்வளவுதான். 82-க்குப் போட்டுப் பாருங்கள்: எட்டைந்து நாற்பது, 82-இல் 40 போக 42, அதில் 20 போக 22. சரத்தில் இருபத்திரண்டாவது இடத்தில் டி உட்கார்ந்திருக்கிறது. நட்சத்திரங்கள் இரண்டும் நடுவில் புகுந்ததால் இருபது இருபத்திரண்டாகியிருக்கிறது, அவ்வளவே.

இந்த ஒற்றை வரி முதன்முதலில் வேலை செய்த இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எண்ணுக்கான விசைகளுக்கு இதே கணக்கில் இன்னொரு சரம் வைத்துக்கொள்ளலாம். ஆல்ஃபா விசையை அழுத்தும்போது எந்தச் சரத்திலிருந்து எடுப்பது என்பதை மாற்றினால் போதும். பலகையின் உருவமே கணக்கின் உருவமாக அமைந்துவிடுகிறது. யாரோ ஒரு பொறியாளர் வரிசையையும் இடத்தையும் இலக்கங்களாக எண்ணில் வைத்த முடிவுக்கு, பல வருடம் கழித்து எங்கோ உட்கார்ந்திருந்த நான் நன்றி சொன்னேன்.

எழுத்து வந்தாயிற்று. சரத்தின் வாலில் அதை ஒட்டி, டெக்ஸ்ட் கட்டளையால் வரைபடத் திரையில் எழுதினால் தெரிகிறது. பெயர் ஒவ்வொரு எழுத்தாக வளர்கிறது. பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு டெல் விசைக்கு வந்தேன்.

வரைபடத் திரையில் எழுதும்போது வருவது சிறிய எழுத்துரு. எழுத்துத் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு பிக்சல் அகலமும் எட்டு பிக்சல் உயரமும் உள்ள ஒரே அளவுக் கட்டம். சிறிய எழுத்துரு அப்படியில்லை. பெரும்பாலான எழுத்துகள் மூன்று பிக்சல் அகலம், பக்கத்தில் ஒரு பிக்சல் இடைவெளி. எம், டபிள்யூ போன்றவை அதைவிட அகலம். ஒவ்வோர் எழுத்தும் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. தமிழ் படிக்கும் நமக்கு இது இயல்பானது. ர-வுக்கும் ண-வுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் நம் கண்ணே ஒப்பாது.

அழிக்க என்ன செய்வோம்? கடைசி எழுத்தைச் சரத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தை எழுதுவோம். எழுதினேன். எழுத்தின் இடது ஓரம் மட்டும் சீவியெடுத்ததுபோல் போயிற்று, மீதி அப்படியே நின்றது. சிறிய எழுத்துருவில் வெற்றிடத்தின் அகலம் ஒரே ஒரு பிக்சல். அகலத்திலேயே மெலிந்த எழுத்து அதுதான். ஒரு எழுத்தை எழுத ஒரு விசை போதும். அதை அழிக்க நான்கு வெற்றிடம் வேண்டும், அகன்ற எழுத்தாயிருந்தால் இன்னும் கூட. எத்தனை என்பது எதை அழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. முதல் வழி, ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது. அப்போது கடைசி எழுத்து எந்தப் பிக்சலில் தொடங்குகிறது என்பதைத் துல்லியமாகக் கூட்டிச் சொல்லலாம். சரியான வழிதான், ஆனால் நினைவகத்தையும் தின்னும், நேரத்தையும் தின்னும். இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கே போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் பெயரை முதல் எழுத்திலிருந்து முழுமையாகத் திரும்ப எழுதி, அதன் வாலில் ஆறு வெற்றிடங்களைச் சேர்த்துவிடுவது. டெக்ஸ்ட் கட்டளை எழுதும்போது எழுத்தின் பின்புலத்தையும் வெளுத்துவிடுகிறது. ஆகவே ஆறு வெற்றிடம் என்பது ஆறு பிக்சல் அகலமுள்ள ஒரு துடைப்பான். போன எழுத்து எவ்வளவு அகன்றதாக இருந்தாலும் அந்த ஆறுக்குள் மறைந்துவிடும். என்ன போயிற்று என்று கேட்காமலே துடைக்கிறோம்.

கர்சரையும் இதே வழியில் நகர்த்தலாம். மின்னும் கோட்டை எந்தப் பிக்சலில் வரைவது என்று தேட வேண்டாம், பெயருக்குப் பின்னால் இன்னோர் எழுத்தாக அதைச் சேர்த்து எழுதிவிட்டால் போதும், அது தானாகப் பெயரின் ஓரத்தில் போய் நிற்கும். அணைந்திருக்கும் வேளையில் அதே அகலத்துக்கு வெற்றிடங்கள். பெயர், கர்சர், துடைப்பான் என்ற மூன்றும் ஒரே கட்டளையில் வரிசையாக வந்துவிடுகின்றன. கர்சர் இருக்கும் இடம் என்று தனியாக ஒரு மாறி என் நிரலில் கிடையவே கிடையாது.

இந்தத் துடைப்பான் ஒரு நாள் என் பெட்டியின் வலது சுவரையே தின்றது. பெயர் நீண்டு ஓரத்தை நெருங்கியதும், வாலில் இருந்த வெற்றிடங்கள் செவ்வகத்தின் கோட்டின் மேல் ஏறி அதை வெளுத்துவிட்டன. எழுத்து வெளியே போகவில்லை, வெறுமைதான் போயிருந்தது. திரையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை அழித்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. பெயருக்கு நீள வரம்பு வைத்து, ஒவ்வொரு முறை எழுதிய பிறகும் வலது கோட்டை மறுபடி வரையும்படி செய்த பிறகுதான் பெட்டி பெட்டியாக நின்றது.

இவ்வளவு பாடு எதற்கு, பெரிய எழுத்துருவையே வரைபடத் திரையில் எழுதக்கூடாதா என்று கேட்கலாம். எழுதலாம். டெக்ஸ்ட் கட்டளையின் தொடக்கத்தில் கழித்தல் ஒன்று என்று சேர்த்தால் பெரிய எழுத்து வரும். அங்கே வெற்றிடமும் ஆறு பிக்சல், ஆகவே அழிப்பது சுலபம். ஆனால் திரையின் முழு அகலத்துக்கும் 16 எழுத்துக்கு மேல் கொள்ளாது, படத்துக்கு இடமிருக்காது. இந்தத் திரையில் எதைச் சேர்த்தாலும் இன்னொன்று போகும். நான் படத்தை விடத் தயாராக இல்லை.

அடுத்தது வெறும் பெட்டியில் டெல் அழுத்தினால் என்ன ஆகும் என்பது. ஒன்றும் ஆகக்கூடாது, நாம் அப்படித்தான் எதிர்பார்க்கிறோம். ஆனால் இந்த பேசிக் மொழிக்கு வெற்றுச் சரம் பிடிக்காது. ஒன்றுமில்லாத சரத்தோடு எதையாவது ஒட்டினால் பிழைச் செய்தி வந்து நிரல் நின்றுவிடும். ஓர் எழுத்துச் சரத்திலிருந்து அந்த ஓர் எழுத்தையும் வெட்டப் போனாலும் அதே கதி. அதற்கு நிரலாளர்கள் கண்ட வழி, சரத்தின் தலையில் எப்போதும் ஒரு வெற்றிடத்தைக் காவலுக்கு வைத்திருப்பது. நீளம் ஒன்றுக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. என்டர் அழுத்திய பிறகு, அந்த ஒன்றை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம்.

காவல் எழுத்து திரையில் தெரியாதா? தெரியாது. சிறிய எழுத்துருவில் அதன் அகலம் ஒரே பிக்சல். அழிக்கும்போது என்னைப் பாடாய்ப் படுத்திய அதே ஒரு பிக்சல், இங்கே ஒளிந்துகொள்ள உதவுகிறது. பெட்டியின் இடது ஓரத்துக்கும் பெயருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளியாகவே அது தோன்றும். அதை நான் மறைக்கவே இல்லை.

இனி வேகம். கெட்கீ கட்டளை காத்திருக்காது. கேட்ட நொடியில் பதில் சொல்லிவிடும், ஆகவே ஒரு சுழலில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். முன்பு கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் நடுவில் கடைசியாக அழுத்திய விசை எதுவோ அதை மட்டும் அது சொல்லும். நடுவில் இரண்டு விசை அழுத்தப்பட்டிருந்தால் முதலாவது காற்றோடு போயிற்று. கர்சரை மின்ன வைக்கிறேன் என்று சுழலின் நடுவில் ஒரு தாமதத்தைப் போட்டவர்களின் பெட்டி எழுத்துகளை விழுங்குவது இதனால்தான். மின்னுவதற்காகக் காத்திருக்கக் கூடாது. எத்தனை முறை சுழன்றோம் என்று ஓர் எண்ணிக்கை வைத்து, அது ஓர் அளவை எட்டும்போது மட்டும் கர்சரின் நிலையை மாற்ற வேண்டும். மீதி நேரமெல்லாம் காது விசைப்பலகையிலேயே இருக்க வேண்டும்.

இந்த விசைகளைக் கவனித்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் எண் ஒரே முறைதான் வரும். நான்கு அம்புக்குறி விசைகளும் டெல் விசையும் மட்டும் விதிவிலக்கு, அவற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப வரும். எழுத்துகளுக்குக் கொடுக்காத சலுகையை அழிப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்கள் நிறையத் தப்பு செய்வார்கள், செய்ததை வேகமாகத் திரும்பப் பெற விரும்புவார்கள் என்று எவரோ நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பு இந்தக் கருவிக்குள் இருக்கிறது.

அழிப்பது என்றால் எவ்வளவை அழிப்பது என்றும் கேட்க வேண்டும். இந்தக் கால்குலேட்டரின் சமன்பாடு எழுதும் திரையில் சைன் விசையைத் தட்டினால், மூன்று எழுத்தும் ஓர் அடைப்புக்குறியும் தோன்றும். டெல் ஒருமுறை தட்டினால் நான்கும் ஒன்றாகப் போய்விடும். கருவியைப் பொறுத்தவரை அது ஒரே துண்டு, சரத்தின் நீளத்தைக் கேட்டாலும் ஒன்று என்றே சொல்லும். கண்ணுக்கு நான்கு எழுத்து, உள்ளே ஓர் எழுத்து. நம் கைப்பேசியில் ‘கொ’ என்று எழுதிவிட்டு அழிப்பு விசையைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கொம்பும் காலும் போய் ‘க’ நிற்கும். நாம் ஒரே எழுத்து என்று படித்தது, யூனிகோடில் அகரமேறிய மெய்யெழுத்தும் ஓர் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு. கால்குலேட்டர் கணிதக்காரனின் அலகில் அழிக்கிறது, கைப்பேசி குறியீட்டின் அலகில் அழிக்கிறது. எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ‘கொ’ என்பதை ‘கோ’ என்று திருத்த நினைப்பவருக்கு ‘க’ மிஞ்சுவது உதவிதான். ஆனால் ஒரு பெட்டி கட்டுகிறவர் இதில் ஒன்றைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டால், எழுதுகிறவருக்கு ஏதோ இடறிக்கொண்டே இருக்கும்.

பேசிக் மொழியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அசெம்பிளி மொழி உண்டு. அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே விசையைக் கேட்க இரண்டு விதம். ஒன்று, கேட்டவுடன் பதில் தருவது. மற்றது, விசை வரும்வரை சில்லையே தூங்க வைத்துக் காத்திருப்பது. பேசிக்கின் சுழல் சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் நான்கு சிறு பேட்டரிகளும் கரையும். தூங்கிக் காத்திருக்கும் வழியில் அந்த இழப்பு இல்லை, திரையின் கருமையைக் கூட்டிக் குறைப்பது, நெடுநேரம் தொடாவிட்டால் தானாக அணைவது எல்லாம் இயக்க மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இன்னும் அடியில் போனால், விசைகள் கம்பிகளாலான ஒரு வலை. ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், அழுத்திய விசையின் பிட் 0 ஆக வரும். அழுத்தியது 1 என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். முதல் முறை எழுதுகிற எல்லோரும் இதில் ஒருமுறை தடுக்கி எழுந்துதான் போவார்கள்.

அசெம்பிளியில் எழுதியவர்கள் இந்தச் சின்னத் திரையில் முழு வரைகலை இடைமுகத்தையே கட்டியிருக்கிறார்கள். டோர்ஸ் சிஎஸ் என்ற மென்பொருள் அதற்குச் சான்று. அம்புக்குறி விசைகளால் நகரும் ஒரு சுட்டி, தலைப்புப் பட்டையோடு சாளரங்கள், பொத்தான்கள், எழுத்துப் பெட்டிகள், எல்லாம் 96-க்கு 64-இல். மற்ற நிரலாளர்கள் தம் நிரலுக்குள் இந்தச் சாளரங்களை அழைத்துக்கொள்ளவும் முடியும். சாளரம் என்று வந்தவுடன் புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. திரையில் இரண்டு பெட்டிகள் இருந்தால், தட்டிய எழுத்து எதற்குள் போக வேண்டும்? கணினியில் சுட்டியைச் சொடுக்கி ஒரு பெட்டியைத் தேர்வோம், அது தனிக் கருவி. இங்கே சுட்டியை நகர்த்துவதும் அம்புக்குறிதான், எழுத்துகளுக்கு நடுவே கர்சரை நகர்த்துவதும் அதே அம்புக்குறிதான். ஆகவே பெட்டிக்குள் நுழைந்தோமா வெளியே இருக்கிறோமா என்பதை நிரல் நினைவில் வைக்க வேண்டும், பார்ப்பவருக்கும் காட்ட வேண்டும். நுழைந்தால் கர்சர் மின்ன வேண்டும், வெளியேறினால் நின்றுவிட வேண்டும். நான் முதலில் கர்சரின் மின்னலை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பெட்டி சொல்வதற்கு அது ஒன்றுதான் வழி என்பது இங்கே வந்தபிறகு விளங்கிற்று. இந்தக் கால்குலேட்டரின் சொந்தக் கர்சர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆல்ஃபா அழுத்தினால் அதற்குள்ளேயே ஏ என்ற எழுத்து தெரியும், அடுத்து வருவது எண்ணா எழுத்தா என்று தட்டுமுன்பே தெரிந்துவிடும். தப்பை அழிப்பதைவிடத் தப்பு நேராமல் தடுப்பது மேல் அல்லவா? என் பெட்டியிலும் அதைப் பின்பற்றினேன்.

இன்றைய கருவிகள் மாறிவிட்டன. 2015-இல் வந்த டிஐ-84 பிளஸ் சிஇ மாடலுக்கு 320-க்கு 240 பிக்சல் வண்ணத் திரை. ஆனால் தேர்வறையின் நிழல் விலகவில்லை. 2020-இல் அந்த மாடலின் இயக்க மென்பொருளைப் புதுப்பித்தபோது, அசெம்பிளியிலும் சி மொழியிலும் எழுதிய நிரல்களை ஓட்டும் வழி எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வின் நேர்மையைக் காக்க என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நான் புறந்தள்ளவில்லை, தேர்வு நேர்மையாக நடக்க வேண்டும். ஆனாலும் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தன் கைக்குள் அடங்கும் கருவியின் அடிவரை இறங்கிப் பார்க்க இருந்த வாசல் அது. அது மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு. சில்லைப் பொறுத்தவரை, தனிச் சில்லாக விற்றுவந்த இசட்80-க்கான ஆர்டர்களை 2024-இல் அதை உருவாக்கிய சைலாக் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய வடிவம் அது.

என் பெட்டியைச் சோதித்தது அந்தத் தம்பிதான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. கையில் கொடுத்து, பெயரைத் தட்டு என்றேன். அவன் பெயரைத் தட்டவில்லை. டெல் விசையைத்தான் முதலில் அழுத்தினான், அதுவும் விடாமல் பிடித்துக்கொண்டான். வெறும் பெட்டியில் அழிக்க ஒன்றும் இல்லை. காவல் வெற்றிடம் அசையவில்லை, கர்சர் மின்னிக்கொண்டிருந்தது, வலது சுவரும் இருந்தது. பிறகு எழுத்துகளைக் கண்டபடி தட்டினான், வரம்பை எட்டியதும் பெட்டி மேற்கொண்டு வாங்க மறுத்தது. மறுபடி டெல்லைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி மறைந்தன, ஒரு பிக்சல் மிச்சம் இல்லாமல். அதைப் பார்த்துவிட்டு மூன்று முறை திரும்பச் செய்தான். அதற்குப் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடித் தன் பெயரைத் தட்டினான்.

இந்தக் கால்குலேட்டரை இப்போது உங்களிடம் தருகிறேன். அந்த நிரல் இன்னும் இதில் இருக்கிறது, ஓட விட்டிருக்கிறேன். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் கைமாற்றிக்கொண்டு போங்கள். எழுத்துகளுக்கு ஆல்ஃபாவை ஒருமுறை அழுத்தினால் போதும், திரும்ப அழுத்தும்வரை எழுத்திலேயே நிற்கும். அழிப்பு விசை மேலிருந்து இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவது.